நேட்டாலுக்கு கப்பலேறி போன தாத்தா பாட்டியை தேடுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வட ஆற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர் பக்கம் நிறைய வீட்ல "கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர் தேசாந்திரம் போனாரு, திரும்பவே இல்ல"ன்னு ஒரு பேச்சு இருக்கும், அத்தோட அவரை எல்லாரும் மறந்துருவாங்க. ஆனா 1860லேருந்து 1911 வரைக்கும் தென்னாப்பிரிக்கா நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா போன இந்தியர்கள் 1,52,184 பேர், அதுல பெரும்பாலானவங்க மெட்ராஸ்ல கப்பலேறினவங்க, அத்தனை பேரையும் ரிஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்காங்க. உங்க ஆளும் அதுல இருக்கலாம்.

முதல்ல வீட்ல ஆரம்பிங்க. பங்காளி வீட்டு பெரியவங்ககிட்ட பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, பழைய பாகப்பிரிவினை பத்திரம் இருந்தா எடுத்து படிங்க. போனவர் பேரு மட்டும் பத்தாது, முனுசாமின்னு தேடினா எக்கச்சக்கமா வரும், அப்பா பேரும் ஊர் பேரும் கண்டிப்பா வேணும்.

அடுத்து கப்பல் பட்டியல். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தோட ஆவண மையம் இத ஆன்லைன்ல போட்டிருக்காங்க. 1860 நவம்பர் 16ல டர்பன் போய் சேர்ந்த முதல் கப்பல் ட்ரூரோ, அதுல 342 பேர், அங்கேருந்தே பட்டியல் ஆரம்பிக்குது. பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல உள்ள தழும்பு வரைக்கும் இருக்கும். பேரெல்லாம் கிளார்க் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதினது, அதனால முழுசா டைப் பண்ணாம முதல் மூணு நாலு எழுத்த மட்டும் போட்டு தேடுங்க. ஊர் கிடைக்கலன்னா ஆந்திரா பக்கமும் பாருங்க, 1911 வரைக்கும் சித்தூர் வட ஆற்காடு ஜில்லாலதான் இருந்துச்சு.

ஆள் கிடைச்சதும் அவரோட காலனி நம்பரை (நேட்டால்ல ஒவ்வொரு ஆளுக்கும் பதிவு பண்ணி கொடுத்த நம்பர்) குறிச்சுக்கோங்க. அங்க எல்லா ஆபீஸ் பேப்பர்லயும் இந்த நம்பர்தான் ஓடும், பேரோட ஸ்பெல்லிங் மாறினாலும் நம்பர் மாறாது.

இப்ப அவசரப்படாம மேலயும் கீழயும் உள்ள வரிகளை படிங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை இதுதான். புருஷனோட போனாங்கன்னு வீட்ல சொல்ற பாட்டி பட்டியல்ல தனியா, கைக்குழந்தையோட நிப்பாங்க. புருஷன் பொண்டாட்டின்னு எழுதியிருக்கும், ஆனா ஒருத்தர் சேலம், இன்னொருத்தர் விசாகப்பட்டினம், அப்படின்னா கப்பலுக்கு காத்திருந்த மெட்ராஸ் டிப்போலயே ஜோடி சேர்ந்திருக்க வாய்ப்பு இருக்கு. விதவையோ, வீட்ட விட்டு வந்தவங்களோ, யாரா இருந்தாலும் அந்தக் காலத்துல தனியா கடல் தாண்டின பெண்களோட துணிச்சல் எந்த குடும்பக் கதையிலயும் வர்றதில்ல, தயவுசெஞ்சு அவங்க வரியையும் காப்பி பண்ணிக்கோங்க.

நிறைய பேர் இதோட நிறுத்திடறாங்க, ஆனா அவங்க எப்படி வாழ்ந்தாங்கன்றது நேட்டால்ல உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊரோட ஆவணக் காப்பகத்துலதான் இருக்கு. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தோட ஆன்லைன் இண்டெக்ஸ்ல பேரு, நம்பர் ரெண்டையும் போட்டு பாருங்க. இந்தியக் குடியேறிகளுக்குன்னு 'ப்ரொடெக்டர்'னு ஒரு அதிகாரி இருந்தாரு, அவர் ஆபீஸ் ஃபைல்கள்ல முதலாளி அடிச்சது, கூலி தராதது, பொண்டாட்டிய வேற எஸ்டேட்டுக்கு அனுப்பினதுன்னு கூலிக்காரங்க கொடுத்த புகார்கள் இருக்கு. 1894ல முன்பல்லு ரெண்டு உடைஞ்சு, வாயில ரத்தத்தோட காந்திகிட்ட வந்து நின்ன பாலசுந்தரம்ன்ற தமிழரை காந்தி எழுதினதால நமக்கு தெரியுது, அந்த மாதிரி அடிபட்டு யாரும் எழுதாம போனவங்க இந்த ஃபைல்கள்ல இருக்காங்க.

இண்டெக்ஸ்ல விவரம் வெறும் ஒரு வரிதான் காட்டும், ஃபைல் உள்ள என்ன இருக்குன்னு அதுல தெரியாது. ஃபைல் நம்பர், வருஷம் ரெண்டையும் குறிச்சு காப்பகத்துக்கு மெயில் போட்டு காப்பி கேளுங்க. வாரிசுகள் டர்பன்ல இருக்காங்கன்னு தெரிஞ்சா அவங்க பேரை பேஸ்புக்ல பப்ளிக்கா போட்டுறாதீங்க, முதல்ல தனியா மெசேஜ் பண்ணி ஊர் பேரு, அப்பா பேரு ஒத்துப்போகுதான்னு கேளுங்க.