விமானப் பயண நேரம்: கணக்கு இடறும் இடங்கள்

டோக்கியோவில் மாலை 5 மணிக்கு விமானம் கிளம்புகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும்போது அதே நாள் காலை 11 மணி. டிக்கெட்டில் இருப்பதை அப்படியே கழித்துப் பார்த்தால், ஏறுவதற்கு ஆறு மணி நேரம் முன்பே இறங்கியாகிவிட்டது! டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதை மறப்பதால் வரும் குழப்பம் இது. கோடையில் இந்த இரு ஊர்களுக்கும் 16 மணி நேர வித்தியாசம். லாஸ் ஏஞ்சலிஸில் காலை 11 என்றால் டோக்கியோவில் மறுநாள் அதிகாலை 3. ஆக, பயணம் 10 மணி நேரம்.

கோடையில் என்று சொல்லக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடும். டோக்கியோவில் அந்தப் பழக்கமே இல்லை. வித்தியாசம் 17 ஆகிவிடும். லண்டனும் நியூயார்க்கும் இன்னும் வேடிக்கை. இரண்டுமே கடிகாரத்தை மாற்றும், ஆனால் ஒரே நாளில் அல்ல. மார்ச்சில் அமெரிக்கா இரண்டாம் ஞாயிறும் பிரிட்டன் கடைசி ஞாயிறும் மாற்றுவதால், இடைப்பட்ட நாட்களில் வழக்கமான 5 மணி நேர வித்தியாசம் 4 ஆகச் சுருங்கும்.

சரி, தூரத்துக்கு வருவோம். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்ததில் வடக்குப் பகுதிகள் இழுபட்டுப் போயிருக்கும். ஒரு பூகோள உருண்டையில் நியூயார்க்குக்கும் டோக்கியோவுக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அது அலாஸ்கா பக்கமாகப் போகும். அதுதான் குறுக்குவழி. கிலோமீட்டரா மைலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852.

தூரம் கிடைத்ததும் அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். அந்த வேகம் உயரே சீராகப் பறக்கும்போது மட்டும்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் தனி. அதைவிடப் பெரிய விஷயம் காற்று. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும், மேற்கே போகிறவரைத் தடுக்கும். நியூயார்க்–லண்டன் சுமார் 5,550 கிலோமீட்டர். கிழக்கே வர 7 மணி நேரத்துக்குள் ஆகலாம், திரும்பிப் போக 8 ஆகும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு விமானம் லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்திலேயே வந்து சேர்ந்தது. அதனால் போக ஆகும் நேரத்தை இரண்டால் பெருக்காதீர்கள்.

பழைய கணக்கையும் நம்பக் கூடாது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு 9 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2022இல் ரஷ்ய வான்வெளி மூடியபின் சுற்றிப் போக வேண்டியதாகி, சுமார் 13 ஆனது. ஊர்கள் நகரவில்லை, வழிதான் மாறியது.

அப்புறம், இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் +1. மறுநாள் என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஒருமுறை ஒரு நாள் முன்னதாகவே அறை போட்டுவிட்டேன். நான் வானத்தில் இருந்த இரவுக்கும் வாடகை வாங்கிக்கொண்டார்கள்.