வாட்டர் சாஃப்ட்னரில் (கடினநீரை மென்னீராக்கும் கருவி) உப்பு குறையவே இல்லையா? ரெசினை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

சோப்பு நுரைக்கவில்லை, குழாய் முனையில் மறுபடி வெள்ளைக் கறை படிகிறது என்றால் உடனே ரெசின் (தண்ணீரின் கடினத்தன்மையைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ரெசின் நன்றாகத்தான் இருந்தது, அதைப் புதுப்பிக்கும் உப்புநீர்தான் ரெசினுக்குப் போய்ச் சேரவில்லை.

பைபாஸ் வால்வு (தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் நேரே வீட்டுக்கு அனுப்புவது) திறந்து கிடக்கிறதா, கரண்ட் போய் வந்ததில் டைமர் குழம்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் தண்ணீரைச் சோதிக்க, கரைந்திருக்கும் மொத்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வேண்டவே வேண்டாம். சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுவதால் அந்த மீட்டரில் எண் பெரிதாக மாறாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட்தான் சரி.

அடுத்து உப்புத் தொட்டி. மேலே உப்பு இறுகி ஓடு கட்டி, அடியில் வெற்றிடமாக இருக்கலாம். மரக்கம்பால் மெதுவாகக் குத்தி உடையுங்கள், கடப்பாரை போட்டால் தொட்டியே விரிசல் விடும். உப்பு கரையச் சில மணி நேரம் விட்டு, ரீஜெனரேஷனை, அதாவது உப்புநீரால் ரெசினைப் புதுப்பிக்கும் சுற்றை, கையால் துவக்குங்கள்.

இப்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள். உப்புநீரை இழுக்கும் கட்டத்தில் தொட்டியில் நீர்மட்டம் இறங்க வேண்டும். இறங்கவில்லையா, உப்புநீரை உறிஞ்சும் பாகமான இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியதுதான். பைபாஸில் போட்டு, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறங்கள். எது எந்தப் பக்கம் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்வது முக்கியம். உள்ளே ஒரு சின்ன வலையும், குண்டூசித் தலை அளவே துளையுள்ள நாசிலும் இருக்கும். துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அடைத்திருக்கும் துரு தெரியும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பல்குத்தும் மரக்குச்சியால் எடுங்கள். ஊசி கூடாது, துளை கொஞ்சம் அகலமானாலும் இழுக்கும் சக்தி போய்விடும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் போடுங்கள், வாசலின் ரப்பரை உப்ப வைத்துவிடும்.

பின்சேர்க்கை: இன்ஜெக்டரைச் சுத்தம் செய்த பிறகும் மட்டம் இறங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். உப்புநீர்க் குழாயின் நட் தளர்ந்து காற்று இழுக்கிறதா, கழிவுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டில் எது இருந்தாலும் உப்புநீர் ஏறாது.

இன்னொன்று, எல்லாம் சரியான பிறகும் வெந்நீர்க் குழாயில் கடினநீரே வருகிறது என்று பதற வேண்டாம். ஹீட்டருக்குள் பழைய தண்ணீர் மிச்சமிருக்கும், அது தீரும்வரை குளிர்ந்த நீர்க் குழாயில் பிடித்தே சோதியுங்கள்.