பழைய வேர்ட்ஸ்டார் எப்சனில் அச்சடிக்க

நுவரெலியா பக்கம் எப்சன் எல்எக்ஸ்-800 பிரிண்டரை மறுபடி எடுத்திருக்கிறீர்களா? முதலில் லைன் ஃபீட் (தாளை நகர்த்தும்) பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள். எழுத்துகள் வரிசையாக வந்தால் பிரிண்டர் நல்லது. கோளாறு பெரும்பாலும் கேபிளிலோ கணினியிலோ இருக்கும். பிரிண்டர், கணினி இரண்டையும் அணைத்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், இதில் அவசரமே கூடாது.

அப்புறம் வேர்ட்ஸ்டார் என்ற பழைய தட்டச்சு மென்பொருளின் 4ஆம் பதிப்பு என்றால், அதன் அமைப்புகளை மாற்றும் டபிள்யூஎஸ்சேஞ்ச் (WSCHANGE) என்ற நிரலைத் திறந்து, பிரிண்டர் பட்டியலில் எப்சனையும், போர்ட்டாக (கேபிள் மாட்டும் இணைப்பாக) எல்பிடி1ஐயும் (LPT1) தேர்ந்தெடுங்கள். பட்டியலில் தவறான பிரிண்டரைத் தேர்ந்தால் தடித்த எழுத்தும் அடிக்கோடும் வரவேண்டிய இடத்தில் புரியாத குறிகள் விழும். வேறு கம்பெனி டொட் மேட்ரிக்ஸ் (புள்ளிகளால் அச்சடிக்கும்) பிரிண்டர்கள் பலவற்றிலும் எப்சன் போலவே வேலை செய்யும் முறை உண்டு, பிரிண்டரில் உள்ள சின்ன சுவிட்சுகளால் அதற்கு மாற்றலாம்.

மூடுபனிக் காலத்தில் தொடர்தாள் ஈரம் இழுத்துச் சிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.