குரூஸ் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தாமதமானால் என்ன செய்வது?

குரூஸ் என்னும் உல்லாசப் பயணக் கப்பல் விடியற்காலையில் துறைமுகத்துக்கு வரும், பழைய பயணிகளை இறக்கும், புதியவர்களை ஏற்றும், அன்று மாலையே கிளம்பிவிடும். இடையில் கிடைப்பது ஏறக்குறைய பத்து மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறங்கி, அதே அளவு பேர் ஏற வேண்டும். கேபின்களைச் சுத்தம் செய்து, அடுத்த பயணத்துக்கான உணவுப்பொருளையும் எரிபொருளையும் ஏற்றி முடிக்க வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. முதல் கட்டத்தில் இரண்டு மணி நேரம் போனால் கடைசிக் கட்டம்வரை அந்த இரண்டு மணி நேரத் தாமதம் தொடரும். கப்பல் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், காத்திருப்பதா, விமானத்தை மாற்றுவதா, விடுதி அறையை நீட்டிப்பதா என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது

அடிக்கடி வரும் காரணம் வானிலை. மூடுபனி, பலத்த காற்று, பெரிய அலை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் துறைமுக வாயிலை மூடிவிடுவார்கள். கப்பலை உள்ளே வழிநடத்தும் பைலட் ஏறாமல் பெரும்பாலான துறைமுகங்களில் நுழைய முடியாது. அமெரிக்காவின் கால்வெஸ்டனிலும் டாம்பாவிலும் குளிர்கால மூடுபனியால் கப்பல்கள் வெளியே காத்துக் கிடப்பது புதிதல்ல. மருத்துவ அவசரத்துக்காகக் கப்பல் திசை திரும்பியிருக்கலாம். இயந்திரக் கோளாறால் வேகம் குறைந்திருக்கலாம். முந்தைய பயணத்தில் வயிற்றுப்போக்கு, வாந்தி பரவியிருந்தால் கிருமிநீக்கச் சுத்திகரிப்புக்குக் கூடுதலாகச் சில மணி நேரம் பிடிக்கும்.

கப்பலைத் துறைமுக மேடையோடு கயிற்றால் கட்டியாகிவிட்டது என்பதாலேயே இறங்கிவிட முடியாது. சுகாதாரம், சுங்கம், குடிநுழைவு ஆகிய மூன்று அனுமதியும் கிடைத்த பிறகுதான் ஏறுபாலம் திறக்கும். கடல் ஏற்றவற்றம் அதிகமுள்ள துறைமுகங்களில் ஏறுபாலத்தின் சரிவு மாறிக்கொண்டே போகும். அதை வேறு தளத்துக்கு மாற்றிப் பொருத்தும்போது வரிசையை நிறுத்திவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் கடல் ஏற்றவற்ற நேரத்தை முந்தைய நாளே வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பலருக்குத் தெரியாத இன்னொரு காரணம் பூஜ்யக் கணக்கு. அமெரிக்கத் துறைமுகங்களில், பழைய பயணத்தின் பயணிகள் எல்லோரும் இறங்கிக் கணக்கு பூஜ்யமாகும்வரை புதியவர்களை ஏற்ற மாட்டார்கள். அடுத்த பயணத்துக்கும் டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூட ஒருமுறை சோதனைக்கு வந்து போக வேண்டும். கேபினில் தூங்கிவிட்ட ஒருவர், குடிநுழைவு அதிகாரி முன் வராத ஒருவர், கப்பலில் செய்த செலவுக்கான பணத்தைத் தீர்க்காத ஒருவர் என்று யாராவது ஒருவர் பாக்கியிருந்தாலே டெர்மினலில் ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் நிலைமை இதுதான்.

ஏறும் நாளன்று

முந்தைய இரவே கப்பல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற தளங்களில் கப்பலின் பெயரைத் தட்டினால் இருப்பிடமும் வேகமும் தெரியும். துறைமுக வாயிலுக்கு வெளியே வேகம் பூஜ்யமாகவோ, ஒரே இடத்தில் வட்டமடித்தபடியோ இருந்தால் அனுமதிக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்ட கப்பலின் பழைய இருப்பிடத்தையே இலவசப் பக்கம் காட்டும். எத்தனை மணி நேரத்துக்கு முந்தைய தகவல் என்பதையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

பெரிய கப்பல்களுக்குக் கைவசம் வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு இது. கப்பல் கட்டியதிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் முதல் பயணி இறங்குவார், மூன்றரை மணி நேரத்தில் கடைசிப் பயணி இறங்குவார். நாலரை முதல் ஐந்து மணி நேரத்தில் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள். காலை 6.30-க்குக் கட்ட வேண்டிய கப்பல் 10 மணிக்குத்தான் கட்டியது என்றால், 11.30-க்கு டெர்மினலுக்குப் போவதில் பயனில்லை. பிற்பகல் 2.30-க்கு முன் ஏற்றுவது கடினம். நிறுவனம் அனுப்பும் புதிய நேரம் இதைவிட முன்னதாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள், அது மீண்டும் தள்ளிப்போக வாய்ப்புண்டு.

அந்தப் புதிய நேரம் உங்களை வந்தடைய வேண்டுமே. முன்பதிவை முகவர் செய்திருந்தால் அவருடைய மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணுமே கப்பல் நிறுவனத்தின் பதிவில் இருக்கும், உங்களுக்குச் செய்தி வராது. ஆன்லைன் செக்-இன் செய்யும்போதே, பயணத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் எண்ணைப் பதிந்துவிடுங்கள். கப்பல் நிறுவனத்தின் செயலியையும் இறக்கி, அறிவிப்புகளுக்கு அனுமதி கொடுத்து வையுங்கள்.

தாமதம் உறுதியானால் விடுதியில் அறையை எத்தனை மணிவரை வைத்துக்கொள்ளலாம் என்று உடனே கேளுங்கள். அதே கப்பலுக்குப் போகிற இன்னும் பத்துக் குடும்பங்கள் அங்கே தங்கியிருக்கும், முதலில் கேட்பவருக்குக் கிடைக்கும். டெர்மினலில் நாற்காலிகள் குறைவு, பல இடங்களில் உணவே கிடைக்காது. குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் விடுதியிலேயே இருப்பது மேல்.

பெட்டியைச் சுமைதூக்குபவரிடம் கொடுத்துவிட்டால் அது கேபினுக்கு வரும்வரை உங்களுக்குக் கிடையாது. கப்பல் தாமதமான நாளில் அது இரவு ஒன்பது, பத்து மணிகூட ஆகும். பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ், மூன்று நாளைக்கான மருந்து, கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுடை, குழந்தைக்கான பால்பவுடரும் டயப்பரும் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு செக்-இன் மேசையில் நிற்பவர்களால் வரிசையே தேங்கிப்போவதும் உண்டு. இஸ்திரிப்பெட்டி, மின்கெட்டில், மெழுகுவர்த்தி, கத்தி போன்றவை பெட்டிக்குள் இருந்தால் ஸ்கேனரில் பிடித்துத் தனியே நிறுத்திவைப்பார்கள். அந்தப் பெட்டிக்காக நீங்களே போய்த் திறந்து காட்ட வேண்டியிருக்கும்.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிடுங்கள். புதிதாக ஏறியவர்கள் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதைச் செய்தாக வேண்டும் என்பது 2015 ஜனவரி முதல் சர்வதேச விதி. செய்யாதவர்களைத் தேடிக்கொண்டிருப்பதாலும் கிளம்பும் நேரம் தள்ளிப்போகும்.

தாமதம் உங்களுடையதாக இருந்தால்

விமானம் தாமதமாகி நீங்கள் பிந்துகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. செக்-இன் வாயில், கப்பல் கிளம்ப ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். பயணிகள் பட்டியலை அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகு பெயர் சேர்க்க இடமில்லை, கெஞ்சிப் பயனில்லை. எனவே டிக்கெட்டில் உள்ள அவசரத் தொடர்பு எண்ணுக்கு, விமான நிலையத்தில் நிற்கும்போதே அழையுங்கள். விமானத்தையும் கப்பல் நிறுவனம் மூலமாகவே வாங்கியிருந்தால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாட்டை அவர்களே பார்ப்பார்கள். தனியாக வாங்கியிருந்தால் செலவு உங்களுடையது.

அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அந்த நாட்டுக்கு விசா வேண்டும், கப்பல் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டமும் குறுக்கே வரும். சியாட்டிலில் தவறவிட்ட வெளிநாட்டுக் கொடிக் கப்பலை (வேறு நாட்டில் பதிவான கப்பலை) அலாஸ்காவின் கெட்சிகனில் பிடித்து, பயணத்தை சியாட்டிலில் முடிக்க அந்தச் சட்டம் இடம் தருவதில்லை. ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றி வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்க அத்தகைய கப்பலுக்குப் பொதுவாக அனுமதியில்லை என்பதே காரணம். இத்தனை சிக்கலையும் தவிர்க்க ஒரே நம்பகமான வழி, ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊரில் வந்து தங்குவது. இந்தச் செலவை மிச்சப்படுத்தப் பார்க்கவே வேண்டாம்.

இறங்கும் நாள்

இறங்கும் வேலை முந்தைய இரவே தொடங்கிவிடுகிறது. பெட்டிகளை இரவு பத்து, பதினொரு மணிக்குள் நிறமோ எண்ணோ உள்ள டேக் கட்டி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். பழைய டேக்குகளை அகற்றிவிட்டு, புது டேக்கோடு பெட்டியைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்கான உடையும் செருப்பும் வெளியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். கப்பலில் செய்த செலவுக் கணக்கையும் அன்றிரவே செயலியிலோ தொலைக்காட்சித் திரையிலோ சரிபாருங்கள். வங்கிக் கார்டு நிராகரிக்கப்பட்டிருந்தால் மறுநாள் ஏறுபாலத்தில் உங்கள் கப்பல் அட்டை சிவப்பு விளக்கைக் காட்டும், திரும்பிப் போய் வரவேற்பு மேசையின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதுதான். கப்பலின் வைஃபை காலையில் துண்டிக்கப்படலாம். விமான போர்டிங் பாஸ், வண்டி முன்பதிவு, விமான நிறுவன எண் ஆகியவற்றைப் போனில் சேமித்து வையுங்கள். துறைமுகம் நெருங்கும்வரை போன் விமான முறையிலேயே இருக்கட்டும், கடலில் கப்பலின் செல்போன் இணைப்புக்கு ஆகும் கட்டணம் மிக அதிகம்.

டேக்கின் நிறப்படியோ எண்படியோ பயணிகளைக் குழுகுழுவாக இறங்கக் கூப்பிடுவார்கள். அந்த வரிசை, கீழே எந்த நிறப் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிட்டன என்பதைப் பொறுத்தது. மின்னல் இருந்தால் சுமை இறக்கும் வேலை நிற்கும், குழுக்களும் நிற்கும். லிஃப்ட் முன்பும் படிக்கட்டிலும் கூடி நின்றால் வேகம் கூடாது, முறைப்படி கூப்பிடப்பட்டவர்கள்தான் வெளியேற முடியாமல் தவிப்பார்கள். எல்லாப் பெட்டிகளையும் நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கும் முறைக்குப் பதிவு செய்தால் முதல் ஆளாக வெளியேறலாம். நெருக்கடி நேரத்தில் லிஃப்ட் கிடைக்காது என்பதால், ஏழெட்டுத் தளம் படியில் தூக்க முடிந்த சுமையா என்று பாருங்கள்.

வெளிநாட்டவரைக் குடிநுழைவுச் சோதனைக்கு அதிகாலையிலேயே ஒரு கூடத்துக்கு வரச் சொன்னால், சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள். மற்ற பயணிகளின் இறக்கம் அதற்காகவே நிறுத்தப்பட்டிருக்கக்கூடும்.

விமானத்தைப் பிடிக்க முடியுமா என்பதற்கு, கப்பல் கட்டிய நேரத்திலிருந்து எண்ணுங்கள். அனுமதிக்கு ஒரு மணி நேரம், உங்கள் குழு கூப்பிடப்பட ஒன்று முதல் இரண்டு மணி நேரம், பெட்டியும் சுங்கமும் குடிநுழைவும் சேர்த்து ஒரு மணி நேரம், பிறகு சாலைப் பயணம், அதன் மேல் விமான நிலையத்தில் உள்நாட்டுப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று. சாலைப் பயணம் அரை மணி நேரமே ஆனாலும் மொத்தம் ஐந்தரை முதல் ஏழரை மணி நேரம். சரியான நேரத்துக்கு வரும் கப்பலுக்கே நண்பகலுக்கு முந்தைய விமானம் ஆபத்து. மாலை விமானமோ மறுநாள் விமானமோதான் பாதுகாப்பு.

தாமத அறிவிப்பு வந்ததும் கணக்கு போடுங்கள். நேரம் போதாது என்று தெரிந்தால் கப்பல் கட்டும்வரை காத்திருக்காமல் விமான நிறுவனத்தை அழையுங்கள். விமானம் கிளம்புவதற்கு முன் மாற்றியாக வேண்டும். சொல்லாமல் வராமல் போனால் அதே டிக்கெட்டில் உள்ள அடுத்தடுத்த விமானங்களும் ரத்தாகிவிடும். கப்பலின் வரவேற்பு மேசையில் உங்கள் விமான எண்ணையும் நேரத்தையும் சொல்லி வையுங்கள். பெரிய தாமதங்களில் விமான நேரத்தின்படி குழு வரிசையை மாற்றி அமைப்பது வழக்கம்.

இடைத் துறைமுகங்கள்

ஆழம் குறைந்த துறைமுகத்தில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு, நூறு நூற்றைம்பது பேர் கொள்ளும் டெண்டர் படகில் கரைக்கு அனுப்புவார்கள். அலை எழும்பினால் படகுகள் நிற்கும். கரையிலிருந்து திரும்ப, கடைசிப் படகை நம்பாமல் ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலோ கப்பல் நேரத்தில் இயங்கும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் காத்திருப்பார்கள், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்க மாட்டார்கள். தினசரி நிகழ்ச்சித் தாளில் அச்சிட்டிருக்கும் துறைமுக முகவரின் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இழப்பீடு கேட்க

வானிலைத் தாமதத்துக்குக் கப்பல் நிறுவனம் பொதுவாகப் பணம் தருவதில்லை, ஒப்பந்தமே அப்படி எழுதப்பட்டிருக்கும். ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்தில் ஏறுபவர்களுக்கு 2010-ஆம் ஆண்டின் 1177 எண் விதி சில உரிமைகள் தருகிறது. கிளம்புவது 90 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் என்று தெரிந்தால், இயன்ற சூழலில் உணவும் பானமும் இலவசமாகத் தர வேண்டும்.

மற்றபடி பயணக் காப்பீடுதான். ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ தாமதமானால் மட்டுமே பல பாலிசிகள் பணம் தரும். வரவேற்பு மேசையில், கட்ட வேண்டிய நேரம், உண்மையில் கட்டிய நேரம், காரணம் ஆகிய மூன்றையும் எழுதிய கடிதம் கேட்டு வாங்குங்கள். பலர் கேட்பார்கள் என்பதால் அச்சடித்தே வைத்திருப்பார்கள். விடுதி, வண்டி, உணவு, டிக்கெட் மாற்றம் ஆகியவற்றின் ரசீதுகளைத் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள். பெட்டி வரவில்லை என்றால் டெர்மினலை விட்டு வெளியேறும் முன் அங்கேயே படிவம் எழுதி, டேக்கோடு எடுத்த படத்தைக் காட்டி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.