இரண்டாம் ஆண்டு மாணவரை ஆராய்ச்சிக்குள் கொண்டுவருவது எப்படி?

நம் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலான மாணவர்கள் ஆராய்ச்சியைத் தொடுவது எட்டாவது செமஸ்டர் புராஜெக்டில்தான். அதற்குள் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்து, பாதிப் பேருக்கு மனம் வேலையில் இருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969-லேயே 'யு.ஆர்.ஓ.பி.' (UROP, இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி வாய்ப்பு) திட்டத்தில் இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது அல்லது நான்காவது செமஸ்டரில் ஆரம்பித்தால் இங்கும் முடியும்.

படி 1: ஆள் எடுப்பது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு சின்ன வேலை கொடுத்து ஒரு வாரம் விடுங்கள். முடிக்காவிட்டாலும், எங்கே சிக்கினோம் என்று எழுதிக்கொண்டு வருபவரை எடுங்கள். வழிகாட்டும் ஒரு பி.எச்டி. மாணவரின் கீழ் இருவர் போதும். நால்வரானால் இருவர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

படி 2: விடை தெரிந்த வேலை. முதல் நாளே ஆய்வுக் கட்டுரைகளை அள்ளிக் கொடுத்தால் மூன்றாம் வாரம் ஆளைக் காணோம். கையால் செய்து, கணக்கோடு ஒப்பிடக்கூடியதைக் கொடுங்கள். உதாரணமாக, 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள எஃகுப் பட்டையின் ஒரு முனையை இறுக்கி, அங்கே 120 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் (பட்டை வளைந்து நீள்வதை மின்தடை மாற்றமாகக் காட்டும் சின்ன உணரி) ஒட்டச் சொல்லுங்கள். கேஜிலிருந்து 250 மி.மீ. தள்ளி அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டால், கணக்குப்படி சுமார் 163 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 163 பங்கு மாற்றம், வர வேண்டும். கேஜின் மின்தடை மாறுவது வெறும் 0.04 ஓம். மல்டிமீட்டரில் பார்த்து ஏமாந்த பிறகுதான் மிகச் சிறிய மின்தடை மாற்றத்தை அளக்கும் வீட்ஸ்டன் பிரிட்ஜ் சுற்று எதற்கு என்று உறைக்கும்.

அளவு அநேகமாகத் தப்பாகவே வரும். பட்டையை அசிட்டோன் போட்டுத் துடைக்காமல் ஒட்டியிருப்பார்கள். பசைக்கடியில் காற்றுக் குமிழி இருக்கும். மின்விசிறிக் காற்று பட்டு ரீடிங் நகரும். அல்லது தடிமனை அளக்காமல் கடைக்காரர் சொன்ன 3 மி.மீ.யை அப்படியே போட்டிருப்பார்கள். உண்மையில் அது 2.9 ஆக இருந்தால் ஸ்ட்ரெயின் 7 சதவீதம் கூடும், ஏனென்றால் தடிமன் வர்க்கமாக வருகிறது. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். மைக்ரோமீட்டரை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 3: நேரம். வாரம் 6 மணி நேரம், இரண்டு மூன்று மணி நேரத் துண்டுகளாக. தினமும் ஒரு மணி நேரம் என்றால் கருவியைச் செட் பண்ணவே போய்விடும். இன்டர்னல் தேர்வு வாரத்தில் விடுப்பு கொடுங்கள்; எப்படியும் வரமாட்டார்கள்.

படி 4: உண்மையான துண்டு. அடுத்த செமஸ்டரில், பி.எச்டி. மாணவரின் வேலையிலிருந்து தனியே பிரியும் ஒரு கேள்வியைக் கொடுங்கள். அது தோற்றாலும் அவருடைய ஆய்வேடு நின்றுவிடக் கூடாது. கட்டுரையில் யார் பெயர், எந்த வேலைக்கு என்பதை அப்போதே பேசிவிடுங்கள். கடைசியில் பேசினால் சண்டைதான்.

படி 5: கைமாற்றுவது. பழகிய மாணவர் ஏழாவது செமஸ்டரில் நழுவிவிடுவார். அதனால் அவர் ஆறாவதில் இருக்கும்போதே ஒரு ஜூனியரைச் சேர்த்துவிடுங்கள். பக்க எண்ணும் தேதியும் போட்ட நோட்டுப் புத்தகம் ஆய்வகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. திருத்தாத மூல ரீடிங்குகள் சீனியரின் லேப்டாப்பில் மட்டும் இல்லாமல் பொது டிரைவிலும் இருக்கட்டும். அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஜூனியர் ஒரு சோதனையைத் தனியாகச் செய்து அதே எண்ணைக் கொண்டுவரட்டும். அதன்பின் சீனியரை விடுவிக்கலாம்.