ஏற்காடு ஏறும் டிவிஎஸ் 50

1980-இல் வந்த டிவிஎஸ் 50, எஞ்சினை ஒழுங்காகக் கட்டினால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடும்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையிலுள்ள கரியை மரக்குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், அலுமினியம் கீறும். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளத்தில் புது ரிங் மாட்டும்போது, அந்தப் பள்ளத்திலுள்ள சிறு பின், ரிங்கின் வாய்க்குள், அதாவது இரு முனைகளுக்கு நடுவே, உட்கார வேண்டும். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் ரிங்கைத்தான் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம். இந்த வண்டியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல்-காற்றுக் கலவையை உறிஞ்சித் தள்ளுவதே கிராங்க் அறைதானே? சீல் கசிந்தால் வெளிக்காற்று புகும், கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரித்தாயிற்று என்றால் இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் ஆகாது.

பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளியை சுமார் 0.4 மி.மீ. வையுங்கள்.

சேலத்தில் ட்யூன் செய்த வண்டி, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். பிளக் முனை கறுத்தால் கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் வந்தால் போதும். அடிவாரம் வந்ததும் பழைய பள்ளத்துக்கே மாற்றிவிடுங்கள். இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வராமல் அவ்வப்போது திருகுங்கள். பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது; மூடியே வந்தால் ஆயிலும் குறையும்.