உங்கள் மென்பொருளுக்கு ஆக்டிவேஷன் வைப்பது எப்படி: கீயிலிருந்து கையொப்பம் வரை

பில்லிங் மென்பொருள் ஒன்றை எழுதி ஒரு கடைக்கு விற்கிறீர்கள். அதே இன்ஸ்டாலர் பென்டிரைவில் ஏறிப் பக்கத்துக் கடைக்கும் போய்விடும். ஆக்டிவேஷன் தடுப்பது இந்தக் கைமாற்றத்தைத்தான். மென்பொருளைப் பிரித்துப் போட்டு, "லைசென்ஸ் இருக்கிறதா" என்று பார்க்கும் அந்த ஒரு கட்டளையை மாற்றி எழுதத் தெரிந்தவரை இது நிறுத்தாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் கீழே வரும் எண்களை முடிவு செய்வது சுலபம்: சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் காசு கொடுத்து வாங்கியவர் பக்கம் சாய வேண்டும்.

நடப்பது இதுதான். வாங்கியவர் ஒரு கீயைத் தட்டுகிறார். மென்பொருள் அந்தக் கணினியின் அடையாளத்தைத் திரட்டி, கீயோடு சேர்த்து உங்கள் சர்வருக்கு அனுப்புகிறது. அந்தக் கீயில் இடம் (எத்தனை கணினிக்குக் கொடுத்ததோ அதில் மீதி) பாக்கி இருக்கிறதா என்று சர்வர் பார்த்து, "இந்தக் கணினிக்கு அனுமதி உண்டு" என்று கையொப்பமிட்ட லைசென்ஸ் கோப்பைத் திருப்பித் தருகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்தக் கோப்பைச் சரிபார்த்தால் போதும், இணையம் தேவையில்லை.

வீட்டுக் கணினிகளுக்கு இதைப் பழக்கியது 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பி. 25 எழுத்துக் கீ, வன்பொருள் பாகங்களின் சுருக்கம், 30 நாள் அவகாசம். இணையம் இல்லாதவர் திரையில் தெரியும் 50 இலக்கங்களைத் தொலைபேசியில் படித்துக் காட்டி, 42 இலக்கங்களைக் கேட்டுத் தட்ட வேண்டும். அதன் பல முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

படி 1: கீ

எழுத்துகளைத் தேர்வதில் மைக்ரோசாஃப்ட் செய்ததையே செய்யுங்கள். ஆங்கில எழுத்தும் இலக்கமும் சேர்ந்த 36-இல் உயிரெழுத்து ஐந்து, எல், என், எஸ், இஸட், பிறகு 0, 1, 5 ஆகிய 12-ஐ நீக்கினால் 24 மிஞ்சும். ஓவும் சுழியமும், ஐயும் ஒன்றும், எஸ்ஸும் ஐந்தும் குழம்பாது. உயிரெழுத்து இல்லாததால் தற்செயலாக அசிங்கமான சொல் எதுவும் உருவாகாது.

நீளம் 20 எழுத்து போதும், நான்கு நான்காக ஐந்து தொகுதி. முதல் 19 எழுத்துகளை இயங்குதளத்தின் பாதுகாப்பான ரேண்டம் மூலத்திலிருந்து எடுங்கள். பைத்தானில் அது சீக்ரெட்ஸ் மாட்யூல். சாதாரண ரேண்டம் மாட்யூல் வேண்டாம், அடுத்து வரும் எண்ணை ஊகித்துவிடலாம். 19 எழுத்து என்றால் சுமார் 87 பிட். ஊகித்துப் பிடிக்க வழியே இல்லை.

இருபதாவது எழுத்து சரிபார்ப்புக்கு. கிரெடிட் கார்டு எண்ணில் இருக்கும் லூன் முறையை 10-க்குப் பதில் 24 வைத்துக் கணக்கிடுங்கள். ஓர் எழுத்து தவறினால் கட்டாயம் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறினாலும் பிடிபடும். அந்த 24 எழுத்து வரிசையின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பக்கத்தில் வந்து இடம் மாறும் ஒரே ஒரு ஜோடிதான் தப்பும். இதனால் தட்டுப்பிழை சர்வர்வரை போகாமல் அங்கேயே தெரிந்துவிடும்.

தமிழில் போனில் கீ படிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நம் வாயில் இரண்டாம் எழுத்தும் பி, பதினாறாம் எழுத்தும் பி. நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் டி. "பி ஃபார் பாம்பேயா, பி ஃபார் பாரிஸா" என்று கேட்டே நேரம் போகும். கீயை மின்னஞ்சலிலோ வாட்ஸாப்பிலோ நகலெடுக்கும்படி அனுப்புங்கள். தட்டும் பெட்டி இடைவெளி, சிறிய எழுத்து, கோடு எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

படி 2: கணினியின் அடையாளம்

எல்லோரும் சறுக்கும் படி இது. தொடக்கத்தில் எல்லோரும் செய்வது: மதர்போர்டு எண், ஹார்டு டிஸ்க் எண், மேக் முகவரி (நெட்வொர்க் பாகத்தின் எண்) மூன்றையும் ஒட்டி ஒரே ஹாஷ் (தகவலைச் சுருக்கிய குறியீடு, ஓர் எழுத்து மாறினாலும் மொத்தமும் மாறும்) எடுப்பது. எழுதியவர் கணினியில் நன்றாக ஓடும். மறுவாரம் வாடிக்கையாளர் யுஎஸ்பி வைஃபை டாங்கிளைக் கழற்றுவார், ஹாஷ் மொத்தமும் மாறிவிடும், பில் போடும் நேரத்தில் மென்பொருள் பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக ஹாஷ் செய்து, மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பட்டியல்:

- மதர்போர்டின் யூயூஐடி (தயாரிப்பாளர் எழுதும் தனி அடையாள எண்): 3
- விண்டோஸ் இருக்கும் டிஸ்கின் வரிசை எண்: 2
- ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) இருக்கும் மெஷின் ஜியூஐடி (விண்டோஸை நிறுவும்போது உருவாகும் எண்): 2
- மதர்போர்டிலேயே உள்ள லேன் போர்ட்டின் மேக்: 1
- பிராசசர் பெயர்: 1

மொத்தம் 9. ஐந்து வந்தால் அதே கணினி. ஏன் ஐந்து என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விண்டோஸை மட்டும் மறுபடி நிறுவினால் ஜியூஐடி போகும், 7 மிஞ்சும். பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுப் புதிதாக நிறுவினால் டிஸ்க், ஜியூஐடி இரண்டும் போகும், 5 மிஞ்சும், தப்பிக்கும். மாறாக, அந்த டிஸ்கைக் கழற்றி வேறு மாடல் கணினியில் மாட்டினால் 4 தான் வரும், நிற்கும். விண்டோஸ் நிறுவிய டிஸ்கின் ஒரே நகலிலிருந்து (இமேஜ்) குளோன் செய்த பத்துக் கணினிகளில் ஜியூஐடியும் பிராசசரும் ஒன்றாகவே இருக்கும். அப்போதும் 3 தான்.

இந்த மதிப்புகளை எடுக்கும்போது வரும் கண்ணிகள்:

மலிவான போர்டுகளில் யூயூஐடி எழுதப்பட்டே இருக்காது. எல்லாம் எஃப், எல்லாம் சுழியம், அல்லது 03000200-0400-0500-0006-000700080009 என்று வரும். இந்தக் கடைசி எண்ணை ஆயிரக்கணக்கான மினி பிசிகளில் பார்க்கலாம். இப்படிப்பட்டவற்றை ஒரு கறுப்புப் பட்டியலில் வைத்து "இல்லை" என்று குறியுங்கள். வெற்று மதிப்பை ஹாஷ் செய்து சேமித்துவிட்டால், யூயூஐடி இல்லாத எல்லாக் கணினிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி, மூன்று மதிப்பெண்ணைச் சும்மா வாங்கிக்கொள்ளும். ஒரு பாகம் "இல்லை" என்றால் மொத்தத்திலிருந்தே அதைக் கழித்து, மீதியில் பாதிக்கு மேல் கேளுங்கள்.

உங்கள் மென்பொருள் 32 பிட், விண்டோஸ் 64 பிட் என்றால் மெஷின் ஜியூஐடி காலியாகத்தான் வரும். ரெஜிஸ்ட்ரி உங்களை 32 பிட்டுக்கான தனிக் கிளைக்குத் திருப்பிவிடுகிறது, அங்கே அந்த மதிப்பு கிடையாது. திறக்கும்போதே 64 பிட் பார்வை வேண்டும் என்று கேட்டுத் திறக்க வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில் "முதல் டிஸ்க்" என்று எழுதாதீர்கள். பென்டிரைவைச் செருகியபடி கணினியை ஆன் செய்தால் சில போர்டுகளில் வரிசை மாறும். விண்டோஸ் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறதோ அதிலிருந்து பின்னோக்கிப் போய் டிஸ்கைப் பிடியுங்கள். வரும் எண்ணின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை வெட்டிவிட்டு ஹாஷ் எடுங்கள். சி டிரைவின் வால்யூம் எண் வேண்டாம், ஃபார்மட் செய்தாலே அது மாறிவிடும்.

மேக் முகவரியில் விபிஎன், விர்ச்சுவல் பாக்ஸ் போன்றவை உண்டாக்கும் போலி அடாப்டர்களைத் தள்ளுங்கள். வைஃபை மேக்கை எடுக்கவே வேண்டாம். இப்போதைய இயங்குதளங்கள் அதை ரேண்டமாக மாற்றும் வசதி தருகின்றன.

எந்த எண்ணையும் அப்படியே சர்வருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பொருளுக்கென்று ஒரு நிலையான சொல்லை முன்னால் சேர்த்து ஷா-256 என்ற ஹாஷ் எடுத்து, முதல் 8 பைட்டை மட்டும் அனுப்புங்கள். ஒப்பிட அது தாராளம். வாடிக்கையாளரின் உண்மையான வரிசை எண்கள் உங்களிடம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 3: சர்வர்

இரண்டு டேபிள் போதும். ஒன்றில் கீயும் அதற்கு எத்தனை கணினி என்பதும். மற்றதில் ஆக்டிவேஷன்கள்: எந்தக் கீ, ஐந்து ஹாஷ்கள், தேதி, விடுவிக்கப்பட்டதா (அந்தக் கணினியிலிருந்து லைசென்ஸை எடுத்து இடத்தைத் திருப்பிவிட்டாரா). டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கை வந்ததும் முதலில், இதே கணினி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பாருங்கள். இருந்தால் இடத்தைக் குறைக்காமல் லைசென்ஸை மறுபடி கொடுங்கள். இதை விட்டுவிட்டால் விண்டோஸை இரண்டு முறை நிறுவியவருக்கு இடம் தீர்ந்துவிடும். புதுக் கணினி என்றால் மட்டும் எண்ணிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணுவதும் சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும், அல்லது எதுவும் நடக்காத டேட்டாபேஸ் வேலை), அந்தக் கீயின் டேபிள் வரியைப் பூட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகளும் "ஓர் இடம் இருக்கிறது" என்று பார்த்து இரண்டும் உள்ளே வந்துவிடும்.

ஒரு கணினிக்கு விற்றாலும் இரண்டு இடம் கொடுங்கள். கணினி செத்துப்போய் விடுவிக்க முடியாதவர் ஞாயிற்றுக்கிழமை இரவு உங்களைத் தேட வேண்டியிருக்காது.

படி 4: கையொப்பம்

இதற்கு எட்25519, அதாவது ரகசியச் சாவியால் கையொப்பமிட்டுப் பொதுச் சாவியால் சரிபார்க்கும் முறை. ரகசியச் சாவி 32 பைட், பொதுச் சாவி 32 பைட், கையொப்பம் 64 பைட். அமைப்புகளைத் தேர்வு செய்து தவறும் வாய்ப்பு இதே வகைப் பழைய முறையான ஆர்எஸ்ஏயைவிட மிகக் குறைவு. இதைச் செய்யும் லிப்சோடியம் நூலகம் பெரும்பாலான நிரல்மொழிகளுக்கு இருக்கிறது. ரகசியச் சாவி சர்வரில் மட்டும், பொதுச் சாவி மென்பொருளுக்குள். ஹெச்மேக் வைத்து இதைச் செய்யாதீர்கள். அதில் சரிபார்க்கும் சாவியும் கையொப்பமிடும் சாவியும் ஒன்றே. மென்பொருளைப் பிரித்தவர் கையில் லைசென்ஸ் அச்சடிக்கும் இயந்திரமே கிடைத்துவிடும்.

லைசென்ஸுக்குள் இருக்க வேண்டியவை: கீ, ஐந்து ஹாஷ்கள், பதிப்பு, கொடுத்த தேதி, முடியும் தேதி (யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்), சாவி எண் (எந்தச் சாவியால் கையொப்பமிட்டது என்பது).

இந்த விவரங்களை ஜேசானாக (தகவலை எழுத்து வடிவில் அடுக்கும் முறை) எழுதிக் கையொப்பமிட்டு, மறுமுனையில் அதைப் பிரித்துத் திரும்ப ஜேசானாக்கிச் சரிபார்த்தால் கையொப்பம் பொருந்தாமல் போகலாம். ஒரு மொழி காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடும், இன்னொன்று விடாது. ஒரு மொழி தமிழ் எழுத்தை அப்படியே எழுதும், இன்னொன்று குறியீடாக மாற்றும். லைசென்ஸில் கடைப்பெயரையும் சேர்த்திருந்தால், அது ஆங்கிலத்தில் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடி, "முருகன் ஸ்டோர்ஸ்" என்று தமிழில் வந்த அன்று உடையும். தீர்வு: ஜேசானை ஒரே முறை பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளுக்கே கையொப்பமிட்டு, இரண்டையும் பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) ஆக்கி இடையில் ஒரு புள்ளி வைத்து ஒரே வரியாகக் கொடுங்கள். மறுமுனையில் முதலில் பைட்டுகளைச் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் பிரிக்க வேண்டும்.

ரகசியச் சாவியை, சோர்ஸ் கோடு வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். அது தொலைந்தால் ஏற்கெனவே விற்ற பதிப்புகளுக்கு இனி லைசென்ஸே கொடுக்க முடியாது. முதல் வெளியீட்டிலேயே இரண்டு பொதுச் சாவிகளை உள்ளே வைத்து, இரண்டாவதன் ரகசியச் சாவியைச் சர்வருக்குக் காட்டாமல் பூட்டி வையுங்கள்.

படி 5: மென்பொருளுக்குள் சரிபார்ப்பு

கையொப்பம், மதிப்பெண், தேதி, இந்த வரிசையில். கோப்பை புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் வையுங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. பயனரின் தனி ஃபோல்டரில் வைத்தால் முதலாளி லாகினில் ஓடுவது பணியாளர் லாகினில் கேட்காது.

லைசென்ஸ் தவறினால் என்ன செய்வது என்பதில் உறுதியாக இருங்கள். பழைய பில்களைப் பார்ப்பதும், அச்சிடுவதும், எக்ஸலாக வெளியே எடுப்பதும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். புது பில்லை மட்டும் நிறுத்துங்கள். அந்தக் கணக்கு அவருடையது. டிஸ்கின் பூட் பகுதியில் (கணினி தொடங்கும்போது படிக்கும் இடம்) ஒளித்து எழுதுவது, கெர்னல் டிரைவர் (இயங்குதளத்தின் உள்ளேயே ஓடும் நிரல்) போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவின் வரிக்கணக்கு மென்பொருளான டர்போடாக்ஸ் 2002 பதிப்பில் ஆக்டிவேஷனைக் கொண்டுவந்து, டிஸ்கில் அது எழுதிய விதமும் சேர்ந்து பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தது. அதை விற்கும் இன்ட்யூட் நிறுவனம் 2003-இல் அந்த ஆக்டிவேஷனைக் கைவிட்டது.

சந்தா முறை என்றால் 7 நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொடர்புகொள்ள முயலுங்கள். கிடைக்காவிட்டால் 30 நாள்வரை பேசாமல் ஓடவிடுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் கேஎம்எஸ் என்ற ஆக்டிவேஷன் முறை நிறுவனக் கணினிகளுக்கு 7 நாளுக்கொரு முறை புதுப்பிக்க முயன்று, 180 நாள் தாங்கும். உங்கள் சர்வர் ஒரு நாள் படுத்தால் எல்லாக் கடையும் படுக்கக் கூடாது.

படி 6: இணையமே இல்லாத கணினி

எக்ஸ்பி போல எண்களைப் போனில் சொல்லலாமே என்று தோன்றும். 64 பைட் கையொப்பத்தை இலக்கமாக்கினால் 155 இலக்கம் வரும், யாராலும் தட்ட முடியாது. எக்ஸ்பி 50 இலக்கங்களையே ஆறு ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் தனிச் சரிபார்ப்பு இலக்கம் வைத்திருந்தது. நமக்குச் சுலப வழி: மென்பொருள் கோரிக்கையை க்யூஆராகத் திரையில் காட்டட்டும். வாடிக்கையாளர் செல்போனில் ஸ்கேன் செய்தால் உங்கள் பக்கம் திறந்து லைசென்ஸ் கோப்பு இறங்கும். கேபிளிலோ பென்டிரைவிலோ அதைக் கணினிக்கு மாற்றி, "கோப்பிலிருந்து ஏற்று" பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கோப்பின் கடைசியில் ஒட்டும் வரிமுறிவை வெட்டிவிட்டுப் படியுங்கள்.

பிற்சேர்க்கை: கடிகாரம்

தேதியைப் பின்னுக்குத் தள்ளிச் சந்தாவை நீட்டுவதைத் தடுக்க, கடைசியாகப் பார்த்த நேரத்தைச் சேமித்து, கடிகாரம் அதற்குப் பின்னால் போனால் பூட்டும்படி பலர் எழுதுகிறார்கள். பழைய கணினிகளில், அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும் மதர்போர்டின் சிமாஸ் பேட்டரி, அந்த நாணயம் போன்ற சிஆர்2032, தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வந்ததும் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். அவரைத் திருடராக நடத்திவிடாதீர்கள். நேரம் 48 மணி நேரத்துக்குள் பின்னே போனால் கண்டுகொள்ளாதீர்கள். லைசென்ஸ் கொடுத்த தேதிக்கும் முன்னால் போயிருந்தால், "கணினியின் தேதி தவறாக இருக்கிறது, சரிசெய்யுங்கள், அடிக்கடி நடந்தால் பேட்டரியை மாற்றுங்கள்" என்று தமிழில் சொல்லி, தேதி சரியானதும் தானே திறக்கட்டும். எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு: யாராவது தவறுதலாக ஆண்டை 2099 என்று வைத்து ஒருமுறை திறந்துவிட்டால் "கடைசியாகப் பார்த்த நேரம்" அங்கேயே நின்றுவிடும், பிறகு எந்தச் சரியான தேதியும் பின்னால் போனதாகவே தெரியும். சர்வரிடமிருந்து வரும் நேரத்தை வைத்து அதை அழிக்க ஒரு வழி விட்டு வையுங்கள்.